ரேவதி போட்டு வைத்த ஐந்து வாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. நாலரைக்கே கதவைத் தட்டி எழுப்பிவிட்டது. கண்ணெல்லாம் மண்.

இது நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கொடுத்த டைரி. ஜனவரியில் ரேவதி தனக்கென்று எடுத்து வைத்தாள். முதல் பக்கத்தில் பேர் எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். வைகாசியில் போய்விட்டாள். பத்து நாள் காய்ச்சல். பத்தொன்பது வயது மகள். இனி ரே. என்று மட்டும் எழுதுவேன். முழுப் பேர் எழுதினால் கை நின்றுவிடுகிறது.

எச்.எம். டீச்சரிடம் மைதானத்து கேட் சாவி வாங்கியாயிற்று. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடம், வேறு ஆள் வரவில்லை. ரே. காலேஜ் கபடி டீமில் ஆடியவள். போன வருடம் இந்தப் பிள்ளைகளை அவள்தான் பழக்கினாள். இப்போது யாருமில்லை. உங்களுக்குக் கபடி தெரியுமா என்று டீச்சர் கேட்டார். தெரியாது என்றேன். ஆட அவர்களுக்கே தெரியும், உடம்பில் பலம் ஏற்றத்தான் ஆள் வேண்டும், அதற்கு என் மகள் எழுதி வைத்த நோட்டு இருக்கிறது என்றேன். எட்டாவது வரை படித்திருக்கிறேன். படித்துப் பார்த்துச் செய்ய வைக்க முடியும்.

குன்னத்தூரில் செப்டம்பர் 6 சனிக்கிழமை போட்டி. ஏழு பேர் இறங்க வேண்டும். நம்மிடம் இருப்பதும் சரியாக ஏழு. ஒருத்தி குறைந்தால் பள்ளிக்கூடத்துப் பேரையே எடுத்துவிடுவார்கள். போன வருடம் ஒருத்திக்கு அம்மை போட்டு அப்படித்தான் ஆயிற்று. ரே. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருடம் ஏழு பேரையும் நிறுத்திக் காட்டுவேன் என்றாள்.

அதுதான் என் வேலை. ஏழு பேர். வேறொன்றும் வேண்டாம்.

ஜெனிஃபர், பத்தாவது, கேப்டன். சத்யா, ஒன்பதாவது, விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம், கபடி பாடி எதிர்ப்பக்கம் போவதில் கெட்டிக்காரி. மற்ற ஐந்து பேரின் பேரும் மெதுவாக வாயில் வரும்.

முதல் நாள். காலை ஆறு மணி. நோட்டில்: பஸ்கி 8 × 3. எட்டு மூணு இருபத்தி நாலு. இருபத்தி நாலையும் ஒரே மூச்சில் போடச் சொன்னேன். பதினைந்தில் இரண்டு பேர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜெனிஃபர் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்.

"அத்தை, எட்டுப் போட்டுட்டு கொஞ்சம் நிக்கோணுங்க. அப்புறம் எட்டு. அப்புறம் எட்டு. அக்கா அப்படித்தான் வெப்பாங்க."

பெருக்கிவிட்டேன். டஜன் கணக்குப் பார்த்த புத்தி. பிள்ளைகள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆறு மணிக்கு கேட்டைத் திறந்துகொண்டு நிற்கிறேன், ஒருத்தியும் இல்லை. ஆறே கால். இல்லை. நேராக ஜெனிஃபர் வீட்டுக்குப் போனேன். தலையைக்கூட வாராமல் வெளியே வந்தாள். "இன்னைக்குமுங்களா?" என்றாள். என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிட ஓடினாள். இருபது நிமிடத்தில் ஏழு பேரும் வந்தாயிற்று. முதல் வாரம் சோம்பல் இருக்கத்தான் செய்யும்.

நோட்டை நேற்று சாயங்காலம்தான் முழுதாகப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறாள். மேலே 'போட்டிக்கு முன் 5 வாரம்' என்று தலைப்பு. வாரத்துக்கு ஏழு கட்டம். திங்கள், புதன், வெள்ளியில் எழுத்து. செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு காலி. கடைசி வாரம் திங்களில் நாலு வரி, சனியில் 'போட்டி'. நடுவில் ஒன்றுமே இல்லை.

முடிக்காமல் போய்விட்டாள். மிச்சத்தை அப்புறம் எழுதலாம் என்று விட்டிருப்பாள்.

கம்பெனி கார்டில் கட்டம் காலியாக இருந்தால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். நான் பதினாறு வருடம் செக்கிங். துணியில் ஓட்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியாது. பழுது இருக்கிற பீஸில் ஒட்டுவோமே, சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அது பையில் ஒரு அட்டை கிடந்தது. போட்டி நாளுக்கு முந்தின காலிக் கட்டம் ஒவ்வொன்றிலும் ஒன்று ஒட்டினேன். இருபது. அப்புறம் பென்சிலால் நானே நிரப்பினேன். திங்கள் போட்டதே செவ்வாய்க்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு கூட. புதன் போட்டதே வியாழனுக்கு. சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்து.

அவள் விட்டதை நான் முடிக்கிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அடுத்த வாரத்தில் இருந்து மூட்டை. ரே. எழுதியது: 'மூட்டையை மார்போடு அணைத்து நடத்தல். 3 கிலோ. முதுகு வளையக் கூடாது.' மூட்டைக்கு எங்கே போவது?

வீட்டுக்காரர் டெய்லர். ரே. போனதில் இருந்து என்னோடு பத்து வார்த்தை பேசியிருப்பாரா தெரியாது. நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். காலிக் கட்டத்தில் நான் எழுதியதைக் காட்டவில்லை, மூட்டை வரியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன். சாயங்காலம் கம்பெனியில் இருந்து வரும்போது கையில் தைத்த பைகள். தடித்த துணி, இரட்டைத் தையல், தூக்க இரண்டு காது. மணல் மட்டும் போட்டால் பிள்ளைகளைக் குத்தும் என்று சுற்றிலும் பனியன் வேஸ்ட் அடைக்கச் சொன்னார். மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். கடைக்காரர் வேடிக்கை பார்த்தார்.

எண்ணிப் பார்த்தேன். எட்டு.

பிள்ளைகள் ஏழு பேர். எட்டாவது யாருக்கு என்று தெரிந்துபோன மாதிரி இருந்தது. கேட்கவேண்டாம் என்றுதான் இருந்தேன். அவரே சொன்னார்.

"உனக்குத்தான். புள்ளைங்களத் தூக்கச் சொல்லீட்டு நீ கையக் கட்டீட்டு நிப்பியா?"

மூன்று மாதத்தில் முதல் முறை சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவரும் கொஞ்சம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சாரல். மண் அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டார்கள், ஏழு பேரும். ஜெனிஃபர் சர்ச்சுக்குப் போட்ட பாவாடையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். முடித்துவிட்டு அப்படியே எட்டு மணிப் பூசைக்கு ஓடினாள்.

செய்தது: பஸ்கி 10, 10, 10. சுவரில் கை ஊன்றித் தண்டால் 10, 10, 10. குப்புறப் படுத்து முழங்கை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துதல், இருபது எண்ணும் வரை. மைதானம் நாலு சுற்று. நானும் பஸ்கி போட்டேன். ஆறுக்கு மேல் முடியவில்லை.

ஒரு குட்டி, எட்டாவது படிக்கிறவள், மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "அத்தை, இது ஒன்றரை ஷிப்டுங்களா?" மற்றவர்கள் அவளை அடக்கினார்கள். எனக்குக் கோபமில்லை. ஆமாம் கண்ணு, ஷிப்மென்ட் ஆறாம் தேதி என்றேன். அப்போதுதான் சிரித்தார்கள்.

சாப்பாடு பற்றி ரே. எழுதியது: 'வெறும் வயிற்றில் வரக் கூடாது. ஒரு வாழைப்பழமாவது.' கேட்டுப் பார்த்தால் நாலு பேர் வெறும் டீ. நாளையில் இருந்து கொண்டைக்கடலை அவித்துக் கொண்டுபோக வேண்டும். இன்று ஊறப் போட வேண்டும். மறக்கக் கூடாது.

சூப்பர்வைசர் முகம் கொடுக்கவில்லை. போன வாரம் ஒரு நாள்கூட ஒன்றரை ஷிப்ட் (ஒ.ஷி.) பார்க்கவில்லை நான். ஐந்தரைக்குப் பையை எடுத்துவிடுகிறேன். விடிகாலை எழுந்திருக்கிறவளால் ராத்திரி எட்டரை வரை நிற்க முடியாது என்றேன். வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிழக்கே மேகம், மழை இல்லை.

மூட்டை நான்கு நாளாகத் தூக்குகிறார்கள். ஜெனிஃபர் நன்றாக முதுகை நிமிர்த்திப் பிடிக்கிறாள். மூட்டையைக் கீழே வைக்கும்போதுதான் எல்லோரும் தப்பு, தொப்பென்று போடுகிறார்கள். எடுத்த மாதிரியே வைக்க வேண்டும், முட்டியை மடக்கி. பத்து தடவை சொல்லியாயிற்று.

இன்று நான் போனபோது கேட்டுக்கு உள்ளே பேச்சுக் குரல். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா" என்று யாரோ. "ஒருத்தரும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணியிருக்கோம்ல" என்றது சத்யா. அவள் பேச்சுதான் தனியாகத் தெரியுமே. என்னைக் கண்டதும் கப்சிப். ரே. பற்றி ஏதோ பேசியிருப்பார்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பஸ்கி 14, 14, 14. நோட்டில் 10தான். இன்னும் மூன்று வாரம்தானே இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கம்பெனி லீவு. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். அதற்கு முன்னால் ஆறு மணிக்கு நாங்கள் எங்கள் வேலையை முடித்தோம். பிள்ளைகள் முகம் கழுவி, யூனிபார்ம் மாற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

எச்.எம். டீச்சர் கபடிப் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டார். கைதட்டல். மேடைக்கு நாலு படி. சத்யா ஏறுவதைப் பார்த்தேன். வலது காலை மேல் படியில் வைக்கிறாள். இடதை இழுத்து அதே படியில் பக்கத்தில் வைக்கிறாள். மறுபடி வலது. நாலு படியும் அப்படித்தான். இறங்கும்போது இடதை முதலில் தொங்கவிட்டாள்.

ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் பார்க்கிற கண். தப்பாது.

முட்டாய் வாங்கிக்கொண்டு வந்தவளைப் பிடித்துக் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, பழைய செருப்பு, வழுக்குது" என்றாள். செருப்பைப் பார்த்தேன். பழசுதான். விட்டுவிட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. (இந்த வரி 18-ம் தேதி சேர்த்தது.)

ஆகஸ்ட் 18, திங்கள்

என்ன எழுதுவது.

மூட்டையோடு நடந்துகொண்டிருந்த சத்யா மூட்டையை அணைத்தபடியே முட்டி மடிந்து உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. இடது முட்டிச் சில்லுக்குக் கீழே எலுமிச்சங்காய் மாதிரி வீக்கம். தொட்டால் சுள்ளென்று இழுத்துக்கொண்டாள். எத்தனை நாளாய் என்றால் முட்டியைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஆட்டோவில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஜெனிஃபரும் கூட. டாக்டரம்மா சின்ன வயசு. அழுத்திப் பார்த்தார், நீட்டி மடக்கிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை. வளர்கிற வயது, எலும்பு முற்றுவதற்கு முன்னால் அதே இடத்தைத் தினமும் இழுத்தால் இப்படித்தான் வரும் என்றார். வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி என்று கேட்டார். ஏழு என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"லீவே உடலையாம்மா? உடம்பு வேலை செய்யறப்பப் பலம் ஏறாது. செஞ்சுட்டுச் சும்மா இருக்கறப்பத்தான் ஏறும். ஒரு நாள் செஞ்சா ஒரு நாள் உடோணும். பெரியவங்களுக்கே அப்படி. இதுக பச்சப் புள்ளைங்க."

பதினைந்து நாள் முட்டியை மடக்கி ஒன்றும் செய்யக் கூடாது. செப்டம்பர் முதல் தேதி திரும்பக் காட்ட வேண்டும். போட்டி ஆறாம் தேதி என்றேன். அப்போது பார்க்கலாம் என்றார், சத்தியம் எதுவும் பண்ணவில்லை.

சத்யாவை அவள் வீட்டில் விட்டோம். அவள் அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

ஆறு பேர்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் மைதானம் திறக்கவில்லை. ஏழு மணிக்கு சத்யாவின் அம்மா வந்தாள். அவளும் கம்பெனிக்காரிதான், வேறு யூனிட். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒங்க மக போன வருத்தம் எனக்குத் தெரியாததா? நானுந்தான அன்னைக்கு வந்து அழுதேன். அதுக்காக அந்த வருத்தத்தக் கொண்டாந்து எம்பிள்ளை முழங்கால்ல எறக்கி வைக்கலாமா?"

அவள் போனதும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சாவியை டீச்சர் மேசையில் வைத்தேன். டீச்சரும் திட்டவில்லை. கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம் என்றார். கொஞ்ச நாள் என்றால் ஆறாம் தேதி போய்விடும்.

கம்பெனிக்குப் போகவில்லை. பதினாறு வருடத்தில் சொல்லாமல் போட்ட லீவு, ரே. போன அன்று ஒன்று, இன்று ஒன்று.

நாலரைக்கு ஜெனிஃபர் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நேராக. உட்காரவில்லை. சுவரில் ஒட்டி நின்றுகொண்டு பையின் வாரைத் திருகினாள். நாங்கள் சத்தியம் பண்ணியிருந்தோம், இப்போது உடைக்கிறேன், மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றாள்.

"அத்தை, செவ்வா, வியாழன், சனி, ஞாயிறு எப்பவுமே லீவுதானுங்க. அக்கா நாள் விட்டு நாள்தான் வெப்பாங்க. லீவு நாள்ல யாராச்சும் கிரவுண்டுப் பக்கம் வந்தா தொரத்தி உடுவாங்க. 'ஒண்ணும் பண்ணாம இருக்கறதும் பயிற்சிதான், போயித் தூங்குங்கடி'ம்பாங்க."

அப்புறம் ஏன் அம்மிணி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அன்னைக்குக் காலைல எங்கூட்டு வாசல்ல வந்து நின்னீங்கல்லங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டு லீவுன்னு எப்படிங்க சொல்றது? ஊட்ல இருந்தா அத்தை அழுதுட்டே இருப்பாங்க, தினமும் போயிரலாம்னு பேசி வெச்சுட்டோம். மொதல்ல சொன்னது சத்யாதானுங்க."

சத்யா.

நான் பிள்ளைகளுக்குப் பலம் ஏற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு பிள்ளைகள் பதினைந்து நாளாக என்னைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

நல்ல வெயில்.

நோட்டை எடுத்து வாசலில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். காலிக் கட்டத்துக்கும் நாலு பக்கமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாள். எழுத்து இருக்கிற கட்டம் எந்த அளவோ அதே அளவு. வேண்டாத இடமென்றால் யார் இப்படி மெனக்கெட்டுக் கட்டம் போடுவார்கள்? பதினாறு வருடம் செக்கிங் பார்த்தவளுக்கு இது தெரியவில்லை.

முடிக்காமல் போகவில்லை. முடித்துத்தான் வைத்திருக்கிறாள்.

பென்சில் எழுத்து எல்லாம் அழித்தேன். இருபது ஸ்டிக்கரையும் நகத்தால் உரித்தேன். இரண்டு இடத்தில் காகிதம் லேசாகக் கிழிந்தது. மற்றபடி ஆல்டர் இல்லை, திருத்த ஒன்றுமில்லை. ஓகே பீஸ்.

இனி மூன்று வேலை. இன்றே.

ஒன்று, எச்.எம். டீச்சர். நோட்டைக் காட்டினேன், என் தப்பையும் சொன்னேன். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். ஒரு நிபந்தனை போட்டார்: பயிற்சி நடக்கும்போது என்னைத் தவிர பிள்ளைகளின் அம்மா ஒருத்தராவது கூட நிற்க வேண்டும். சாவி கொடுத்தார்.

இரண்டு, ஆறு பேர். வெள்ளி காலை ஆறு மணி. செவ்வாய், வியாழன் வந்தால் துரத்திவிடுவேன் என்றேன். ஒன்றரை ஷிப்ட் குட்டி மட்டும், "நெசமாலுமுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மூன்று, சத்யா வீடு. அவள் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தப்பு என்னுடையது என்றேன். காலிக் கட்டத்தைக் காட்டினேன், நான் எழுதி அழித்த தடத்தையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். உட்காருங்க என்று மணை போட்டாள்.

சத்யா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். முட்டியில் துணிக்கட்டு. ஏன்டி சாமி, வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றேன்.

"நீங்களுந்தான் சொல்லல" என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று, ரே. எழுதியபடியே, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல்:

கை கால் உதறி மெதுவாக ஒரு சுற்று.
பஸ்கி 10. நிற்க. 10. நிற்க. 10. (பெஞ்சில் பின்புறம் பட்டதும் எழ வேண்டும்.)
சுவர்த் தண்டால் 10, அதே மாதிரி மூன்று தடவை.
பலகை, இருபது எண்ணிக்கை, இரண்டு தடவை.
மூட்டை நடை, மைதானத்தில் பாதி தூரம். எடுப்பது போலவே வைப்பது.
கடைசியில் உட்கார்ந்து கால் நீட்டிக் குனிதல்.
கடலை. (இது மட்டும் நான் சேர்த்தது.)

'நிற்க' என்பதை அவள் கட்டத்திலேயே எழுதியிருக்கிறாள். நான் இத்தனை நாள் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

கூட நிற்க யார் வருவார்கள் என்று கவலை. ஆறு அடிக்க ஐந்து நிமிடம், சத்யாவின் அம்மா வந்து கேட் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சத்யாவும் கூட, கல்லில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எண்ணிக்கை சொன்னாள். நன்றாகக் கத்தினாள்.

பாதியில் அவள் அம்மா என் பக்கம் வந்தாள். எட்டாவது மூட்டை சும்மா கிடந்தது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா? இதையா ஒலகமே தூக்குற மாதிரி தூக்குறீக?"

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். மார்போடு அணைத்து, முதுகு நிமிர்த்தி, பாதி தூரம் நடந்து காட்டச் சொன்னேன். நடந்தாள். திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. முட்டியை மடக்கி மெதுவாகக் கீழே வைத்தாள். சரியாக வைத்தாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

லீவு நாள்.

பஸ்கி போடுவதைவிட இது கஷ்டம். நாலரைக்கு விழிப்பு. ஆறு மணிக்குக் கால் தானாக வாசலுக்குப் போகிறது. சாவியை வீட்டுக்காரர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கேட்டாலும் தரமாட்டேன் என்றார்.

பாத்திரம் எல்லாம் புளி போட்டுத் துலக்கினேன். ரே.யின் துணி அலமாரியை மூன்று மாதத்துக்குப் பிறகு திறந்தேன். காலேஜ் ஜெர்சி. முட்டிக்குப் போடும் பட்டை ஒன்று. சத்யாவுக்குச் சரியாக இருக்கும். எடுத்து வெளியே வைத்தேன்.

அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் அவள் எழுந்திருக்கவில்லை. படுத்தே கிடந்தால் இன்னும் அசதி, எழுந்து கஞ்சி குடி என்று சொல்லிவிட்டு நான் ஒ.ஷி. போனேன். ஷிப்மென்ட். திரும்பி வந்து தொட்டால் கொதிக்கிறது. மறுநாள்தான் ஆஸ்பத்திரி. ஒரு நாள் முன்னால் போயிருந்தால் என்று யாரைக் கேட்பது. எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஓடிக்கொண்டே இருந்தால் இது பின்னால் விழும் என்று நினைத்தேன். விழவில்லை. இன்று உட்கார்ந்தேன், வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அழுதேன். பத்து மணிக்கு எழுந்து சோறு வடித்தேன்.

கம்பெனிக்கு அரை நாள் தாமதம். சூப்பர்வைசர் முறைத்தார்.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் கடைசிப் பயிற்சி. நோட்டில் நாலே வரி. எல்லாம் பாதி. பிள்ளைகள் இன்னும் செய்கிறோம் என்கிறார்கள். உடம்பு துள்ளுகிறது அவர்களுக்கு. வேண்டாம் என்றேன். ஜெனிஃபர் ஏழு பஸ்கி கூடப் போட்டுவிட்டுத் திருட்டு முழி முழித்தாள்.

சத்யாவை டாக்டரம்மாவிடம் காட்டினோம், நான், அவள், அவள் அம்மா. வீக்கம் வடிந்திருக்கிறது. மடக்கச் சொன்னார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். ஆடலாம், வலித்தால் அந்த நிமிடமே உட்கார வேண்டும் என்றார். பட்டையைப் பார்த்துவிட்டு, இது நல்லதுதான், போட்டுக்கொள் என்றார்.

வெளியே வந்ததும் அவள் அம்மாவைப் பார்த்தேன்.

"சனிக்கெழம காலைல பாப்போம். காலு சொல்லட்டும், நீங்களும் சொல்ல வேணாம், நானுஞ் சொல்லல" என்றாள்.

நியாயம்தான்.

செப்டம்பர் 3, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. இந்த வருடம் எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. காலிக் கட்டம் வேறு. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, நாலு நாளும் ஒன்றுமில்லை. அவள் எழுதாமல் எழுதியது. கைவைக்க மாட்டேன்.

பக்கத்து வீடுகளில் இருந்து கொழுக்கட்டை வந்தது. சாயங்காலம் கபடிப் பிள்ளைகளும் ஆளுக்கொரு தூக்குப்போசி. ஜெனிஃபர் வீட்டில் கொழுக்கட்டை ஏது, அவள் பிஸ்கட் கொண்டுவந்தாள். எண்ணினேன். ஆறு. சத்யா வரவில்லை. எங்கே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

நாற்பது கொழுக்கட்டையை நாங்கள் இரண்டு பேர் என்ன செய்வது? அங்கேயே உட்கார்ந்து அவர்களே முக்கால்வாசி தின்றார்கள். வீட்டில் இத்தனை சத்தம் கேட்டு நாளாயிற்று. வீட்டுக்காரர் பிள்ளைகளின் ஜெர்சிகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை நம்பர் வெட்டித் தைத்துக் கொடுத்தார். ஏழாம் நம்பர் மடித்து அலமாரி மேல் இருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

காற்று நின்றுவிட்டது. அசையவே இல்லை ஒரு இலையும்.

நாளைக்கு: தண்ணீர் கேன், கடலை, வாழைப்பழம் ஒரு சீப்பு, கட்டுத்துணி, ஐஸ் வைக்க டப்பா, டீச்சர் கையெழுத்துப் போட்ட தாள், ஜெர்சி 7. நோட்டு.

சத்யா வீட்டுப் பக்கம் இரண்டு தடவை போகப் பார்த்துத் திரும்பிவிட்டேன். போனால் அது நான் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

செப்டம்பர் 6, சனி

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

ஆறரை மணி பஸ். ஆறு மணிக்கே ஸ்டாப்பில் ஆறு பேர். டீச்சரும் வந்துவிட்டார். ஆறு இருபது. எல்லோரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வரும் சத்தம் கேட்டது. ஜெனிஃபர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "டிரைவரண்ணன்கிட்டச் சொல்லி ரெண்டு நிமிசம் நிறுத்தட்டுங்களா?" என்றாள்.

முனையில் இருவர். அம்மாவும் மகளும். ஓடவில்லை. நடந்துதான் வந்தார்கள். முட்டியில் ரேவதியின் பட்டை. நான் ஜெர்சியை நீட்டினேன், வாங்கி யூனிபார்முக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். அவள் அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதைத்தான்.

பிள்ளைகள் வரிசையாக ஏறினார்கள். கடைசியாக சத்யா. கம்பியைப் பிடித்தாள். படி உயரம்.

இடது காலை முதலில் வைத்து ஏறினாள்.